வீதியோரப் பெட்டிகளும் எங்கள் படங்களும்



சில மாதங்களுக்கு முன் வருமானவரி நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். வரியைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "தம்பி, எங்கட சந்தியில சிக்னல் லைற்றுக்குப் பக்கத்தில ஒரு பெட்டி நிக்குது. போன கிழமை ரெண்டு பொடியள் வந்து அதுக்குச் சேலை சுத்தின மாதிரிப் பூப்படம் ஒண்டைச் சுத்தி ஒட்டிப்போட்டுப் போறாங்கள். அதுக்கும் எங்கட வரிக்காசோ?" என்று கேட்டார். நிலையத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம். நேரம் போதாததால் "ஓம் அம்மா, கொஞ்சம் எங்கட காசும்தான்" என்று சொல்லி முடித்துவிட்டேன்.

கேள்வி மட்டும் என்னை விடவில்லை. அந்த அம்மாவுக்கு ஒழுங்கான பதில் சொல்லவேண்டும் என்று தேடியதில், அந்தப் பெட்டிகளின் கதையோடு எங்கள் கதையும் சேர்ந்திருப்பதைக் கண்டேன். இம்மாத உரை அதைப் பற்றியது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ரொறன்ரோவில் முதலாவது தானியங்கிச் சமிக்ஞை விளக்கு 1925ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் யங் வீதியும் புளோர் வீதியும் சந்திக்கும் இடத்தில் ஏற்றப்பட்டது. அதற்கு முன் சந்திகளில் பொலிஸ்காரர் நின்று கையைக் காட்டித்தான் வாகனங்களை நடத்தினார்கள். சமிக்ஞை விளக்குகளைக் கணினியால் கட்டுப்படுத்தும் முறையை உலகில் முதலில் தொடங்கிய நகரங்களில் ரொறன்ரோவும் ஒன்று. அது 1963இல் நடந்தது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் பலர் பிறப்பதற்கு முன்னரே இங்கே ஒரு கணினி சிவப்பையும் பச்சையையும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

சந்தியில் நிற்கும் அலுமினியப் பெட்டி இந்த விளக்குகளின் மூளை. எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடி என்று கணக்குப் பார்க்கும் கருவி அதற்குள் இருக்கிறது. வீதியில் தாருக்கடியில் புதைத்த கம்பி வளையத்தின் மேல் கார் வந்து நின்றால் அச்செய்தி இங்கேதான் வரும். நாங்கள் வீதியைக் கடக்க அழுத்தும் பொத்தானும் இதற்குள்தான் பேசுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரு பக்கங்களுக்கும் ஒரே நேரத்தில் பச்சை விழாமல் காவல் காக்க இன்னொரு கருவி உண்டு. பிழை நடந்தால் அது உடனே எல்லாப் பக்கமும் சிவப்பை விட்டு விட்டு எரியச் செய்துவிடும். இவ்வளவும் சூடாகும் என்பதால் கதவின் கீழே காற்றுத் துவாரமும் மேலே ஒரு சிறு விசிறியும் இருக்கும்.

இதைவிட வேறு பெட்டிகளும் உண்டு. தொலைபேசிக் கம்பனியின் பெட்டிகளில் வீடுகளுக்குச் செல்லும் செப்புக் கம்பிகள் பெருங்கேபிளுடன் இணைகின்றன. வீட்டு முற்றங்களில் பச்சை நிறத்தில் குந்தியிருப்பவை மின்மாற்றிகள். அவற்றில் பிள்ளைகளை ஏறி விளையாட விடாதீர்கள். எங்கள் கதை முதல் இரண்டு வகைப் பெட்டிகளோடும் தொடர்புபட்டது.

எங்கள் முதல் அறிவித்தல் பலகை

நான் 1991ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கே வந்தேன். யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்ட வணிகப் படிப்பை, உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டு இரவுப் படிப்பில் முடித்தது பிறகு. வந்த முதல் வாரம் ஒரு நண்பனின் அறையில் ஐந்தாவது ஆளாகப் படுத்தேன். சென் ஜேம்ஸ் ரவுணில் 1960களில் எழுந்த அந்த உயர்மாடிக் கட்டடங்களில் வாழ்ந்தவர்களுக்கு அந்த அறைகள் ஞாபகம் இருக்கும்.

எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது ஒரு பெட்டியால். பார்ளிமென்ட் வீதிப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது தொலைபேசிப் பெட்டியொன்றில் தமிழில் எழுதிய கடதாசி ஒட்டியிருந்தது. "அறையில் ஒருவருக்கு இடமுண்டு. சமையல் வசதி." அடியில் தொலைபேசி இலக்கம் எழுதிய சிறு துண்டுகள், கிழித்துக்கொண்டு போவதற்காக. அந்நிய நாட்டு வீதியில் நான் கண்ட முதல் தமிழ் எழுத்து அது. இரண்டு முறை வாசித்தேன்.

அந்தக் காலத்தில் மின்கம்பங்களும் பெட்டிகளும்தான் எங்களுக்குப் பத்திரிகை. ரியூசன், சீட்டு, சாரதிப் பயிற்சி, கோயில் திருவிழா, வீடியோப் படம், ஊர்ச் சங்கக் கூட்டம் எல்லாம் அதில் வரும். கோதுமை மாப் பசையை இரவில் காய்ச்சி வாளியில் கொண்டுபோய் ஒட்டிய பொடியன்களில் சிலர் இன்று பெரிய வியாபாரிகள்.

1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அப்பா தென்மராட்சியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் காலமானார். செய்தி எனக்கு வந்தது மூன்று கிழமைக்குப் பிறகு. செத்தவீடும் இல்லை, எட்டுச்செலவும் இல்லை. என்னிடம் இருந்தது அப்பாவின் ஒரு பாஸ்போட் அளவுப் படம். அதை வைத்துக் கண்ணீர் அஞ்சலி எழுதி இருபது போட்டோக்கொப்பி எடுத்தேன். எங்கள் ஊரவர் நடமாடுகிற சந்திகளில் பெட்டிகளில் ஒட்டினேன். அன்றிரவு எங்கள் அறைக்கு முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். அரைவாசிப் பேரை எனக்குத் தெரியாது. பெட்டியில் பார்த்ததாகச் சொன்னார்கள். கட்டிலில் இடமில்லாமல் தாழ்வாரத்தில் நின்றார்கள். அதுதான் என் அப்பாவின் செத்தவீடு.

மூன்றாம் நாள் காலை வேலைக்குப் போகும்போது ஒரு துப்புரவுத் தொழிலாளி தகட்டால் அந்தக் கடதாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அது வேலை. நான் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அந்தப் பாஸ்போட் படத்தைப் போட்டோக்கொப்பிக் கண்ணாடியின் மேல் மறந்து விட்டு வந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போனபோது அது இல்லை. மிஞ்சிய ஒரேயொரு கொப்பி இன்றும் என் மேசைக்குள் இருக்கிறது.

சுரண்டுவதிலிருந்து சுற்றுவது வரை

கடதாசியை விடப் பெரிய தலையிடி நகரசபைக்குக் கிறுக்கல்களால் வந்தது. ஒரு பெட்டியைக் கழுவிச் சாம்பல் நிறம் பூசினால் அடுத்த கிழமை மறுபடி கிறுக்கியிருக்கும். வெறுமையான பரப்புத்தான் கிறுக்குபவனை அழைக்கிறது, அதில் ஏற்கெனவே ஒரு நல்ல படம் இருந்தால் பெரும்பாலும் கை வைக்கமாட்டான் என்ற அனுபவ அறிவு பல நகரங்களில் வளர்ந்தது. அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேனில் 1990களின் இறுதியிலேயே சமிக்ஞைப் பெட்டிகளுக்கு ஓவியம் தீட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கே நாங்கள் வாழ்ந்த அதே சென் ஜேம்ஸ் ரவுணில், 2009இல், புதிதாகக் குடியேறியவர்களுக்கு உதவும் ஓர் அயலவர் அமைப்பு பெல் நிறுவனத்துடன் சேர்ந்து தொலைபேசிப் பெட்டிகளில் சுவரோவியம் தீட்டும் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் நகரசபை கிறுக்கல்களைக் கையாளும் திட்டமொன்றை ஏற்றுக்கொண்டது. அதன் வழியாக 2012இல் வீதிக் கலைக்கான பிரிவு உருவானது. 2013 முதல் சமிக்ஞைப் பெட்டிகளுக்கும் கலைஞர்களைக் கொண்டு அழகூட்டத் தொடங்கினார்கள். தூரிகை வேலையோடு அச்சடித்த வினைல் உறையும் வந்து சேர்ந்தது. சுற்றியுள்ள நகரங்களும் இதைப் பின்பற்றின.

தொலைபேசியில் வந்த அம்மாவுக்கு ஒரு பதில் இதிலே கிடைக்கிறது. ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவுகிற கூலி ஒரு பக்கம், ஒருமுறை உறை போட்டுச் சில வருடங்கள் விட்டுவிடுகிற செலவு மறுபக்கம். இரண்டையும் எழுதிப் பார்த்துத்தான் நகரங்கள் இந்த வழிக்கு வந்தன. ஆகவே அம்மா, அது வீண்செலவு இல்லை.

வினைல் வந்த கதை

வினைல் என்று நாம் சொல்வது பி.வி.சி. என்ற அதே பிளாஸ்ரிக். தண்ணீர்க் குழாயும் அதுதான். 1872இல் ஜேர்மன் விஞ்ஞானி ஒயிகன் பௌமன், வெயிலில் இருந்த வினைல் குளோரைட் வாயுக் குடுவைக்குள் வெள்ளையாக ஒரு திண்மம் படிந்திருப்பதைக் கண்டார். அது கடினமாகவும் உடையக்கூடியதாகவும் இருந்ததால் நெடுங்காலம் யாருக்கும் பயன்படவில்லை. 1926இல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்பவர் உலோகத்தில் இறப்பரை ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிய பசை கிடைக்கவில்லை. மாறாக, சில திரவங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் பி.வி.சி. இறப்பர்போல் வளையும் என்பதைக் கண்டுபிடித்தார். இன்று அந்த வினைல் பசையோடு உலோகப் பெட்டியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஒட்டும் வினைலில் இரண்டு வகை உண்டு. சூடான உருளைகளுக்கிடையில் ரொட்டி மாப்போல் அழுத்தி இழுத்துச் செய்வது ஒன்று. அது மலிவு. ஆனால் இழுபட்ட ஞாபகம் அதற்குள் இருப்பதால் நாளடைவில் சுருங்கி ஓரம் கிளம்பும். மற்றது, திரவமாகத் தட்டில் ஊற்றிச் சூட்டில் காயவைத்துச் செய்வது. இது தலைமயிரளவு மெல்லியது, விலை கூடியது, மூலை முடுக்குகளிலும் படிந்து கிடக்கும். பெட்டிகளுக்கு நல்லது இந்த இரண்டாவது வகை. அச்சடித்த படத்தின் மேல் இன்னொரு கண்ணாடித் தாளும் ஒட்டுவார்கள். வெயிலை அது கொஞ்சம் தடுக்கும். யாராவது கிறுக்கினால் திரவம் தடவித் துடைத்துவிடலாம்.

ஒரு பெட்டிக்கு உறை போடும் நாள்

ஸ்காபுறோவில் விளம்பரப் பலகை வேலை செய்யும் தம்பி ஒருவர் இப்படியான பெட்டிகளுக்கும் உறை போடுகிறார். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். அன்று கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதல் வேலை கழுவுவது. சவர்க்காரத் தண்ணீர், பிறகு அற்ககோல். பழைய பசையும் மாரியில் தெறித்த உப்பும் விரல் நகத்தளவு இருந்தாலும் அவ்விடத்தில் வினைல் பிடிக்காது. குளிரிலும் பிடிக்காது, அதனால் மே முதல் ஒக்ரோபர் வரைதான் இந்த வேலை. கீழ்த்துண்டை முதலில் ஒட்டி, மேல்துண்டின் ஓரம் அதன்மேல் விழும்படி ஒட்டவேண்டும். கூரை ஓடு வேய்வது போல, மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் வழிந்துவிடும். கம்பளித் துணி வைத்த பிளாஸ்ரிக் தகட்டால் நடுவிலிருந்து வெளியே தேய்க்கிறார்கள். மூலைக்கு வந்ததும் சூட்டுக்காற்று ஊதி இளக்கி வளைக்கிறார்கள்.

"அண்ணை, உந்தத் தலைப்பைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ, இழுக்காதேங்கோ" என்றார் தம்பி. நான் இழுத்துவிட்டேன். "இழுத்தா இப்ப வடிவா இருக்கும், பனிக்குப் பிறகு பழைய இடத்துக்குப் போயிடும்" என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கழற்றி ஒட்டினார்.

மூடக்கூடாதவற்றில்தான் அவர் கூடிய கவனமாக இருந்தார். காற்றுத் துவாரம், பூட்டு, கைபிடி, பிணைச்சல், பெட்டியின் இலக்கத் தகடு, ஆபத்து அறிவித்தல் ஆகிய எல்லாவற்றையும் சுற்றி வெட்டிவிட்டார். கதவின் இடைவெளியை பிளேட்டால் கீறிவிட்டார். நள்ளிரவில் விளக்குப் பழுதானால் திருத்த வருகிறவர் ஒரு விநாடியும் தேடாமல் கதவைத் திறக்க வேண்டும். கறுப்பு நிறம் கூடிய படம் வெயிலில் சூட்டை உறிஞ்சும் என்பதால் வெளிர் நிறங்களையே விரும்புகிறார்களாம்.

நல்ல வினைலும் நல்ல கையும் சேர்ந்தால் ஐந்து முதல் ஏழு வருடம் நிற்கும். பெட்டியின் மேல்தட்டு முதலில் போகும், வெயில் நேரே விழுவதால். அடுத்தது தெற்கும் மேற்கும் பார்க்கும் பக்கங்கள்.

யாருடைய படம்?

இனி நான் சொல்ல வந்த விடயத்துக்கு வருகிறேன்.

2018இல் எங்கள் அயலில் ஒரு குடியிருப்பாளர் குழு, சந்திப் பெட்டியொன்றுக்கு இவ்விடத்தின் பழைய படங்களால் உறை போட எண்ணி ஒரு கூட்டம் வைத்தது. எங்கள் வீதியில் பாதி வீடு தமிழ் வீடு. கூட்டத்துக்குப் போனது நானும் இன்னொருவரும். அப்பிள் தோட்டம், குதிரை வண்டி, பழைய பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் படங்களைக் காட்டினார்கள். எல்லாம் கவனமாகப் பாதுகாத்து, பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதி வைத்தவை. பிறகு என்னைப் பார்த்து, "உங்கள் சமூகத்தின் படம் ஏதாவது இருக்கிறதா? இரண்டு மாதத்துக்குள் தாருங்கள்" என்று கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

வானொலியில் அறிவித்தேன். பதினொரு படங்கள் வந்தன. கலியாணம், பிறந்தநாள், சாமத்தியவீடு. எல்லாம் மண்டபத்துக்குள், பின்னால் மணவறை அலங்காரம். எந்த நாடு என்றே சொல்லமுடியாது. வீதியில், கட்டடத்து வாசலில், தொழிற்சாலையில் எடுத்த படங்கள் எங்கே என்று யோசித்தேன். எடுத்தோம். நான்கூட எடுத்தேன், யாரோ ஒருவரின் காருக்குப் பக்கத்தில் இரவல் கோட்டோடு, பனியில். ஆனால் அவற்றை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. "நான் சுகமாக இருக்கிறேன்" என்று காட்ட ஊருக்கு அனுப்பினோம். அங்கே அவை 1995 இடம்பெயர்வில் கொஞ்சம் போயின. வன்னிக்குக் கொண்டுபோனவை 2009இல் போயின. ரொறன்ரோவில் எங்கள் முதற் பத்து வருடங்களின் வரலாறு, முள்ளிவாய்க்கால் மணலில் கிடந்தாலும் கிடக்கும்.

கடைசியில் ஒரு நல்ல படம் வந்தது. 1992 மாரி, விடியற்காலை. சாப்பாட்டுப் பையோடு நான்கு பெண்கள் தொழிற்சாலை வேலைக்குப் போகப் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பின்னால் ஒரு பெட்டி, அதில் தமிழ்க் கடதாசிகள். அனுப்பியவர் அல்பத்துக்கு மேலால் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பியிருந்தார். அச்சகத்தில் அது பெருப்பிக்க உதவாது என்றார்கள். மூலப் படத்தைத் தேடி எடுப்பதற்கு ஐந்து கிழமை சென்றது. பிறகு அந்த நால்வரிடமும் சம்மதம் கேட்க வேண்டும். ஒருவர் காலமாகிவிட்டார், அவருடைய மகள் சம்மதித்தார். லண்டனுக்குப் போனவரும் சரியென்றார். அனுப்பியவர் மூன்றாமவர். நான்காவது அக்கா, "தம்பி, என்ர முகம் வீதியில வேண்டாம்" என்றார். காரணம் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. எங்களில் பலருக்கு, படம் என்பது யாரோ ஒருவர் மேசையில் வைத்து "இது யார்?" என்று கேட்பதற்கு உரியதாக இருந்தது. அதை இருபத்தைந்து வருடத்தில் மறக்கச் சொல்ல நான் யார்?

தவணை முடிந்துவிட்டது. 2019 கோடையில் அந்தப் பெட்டிக்கு அப்பிள் பூவும் குதிரை வண்டியும் வந்தன. படம் நன்றாகவே இருக்கிறது. அதில் ஒருவரையும் குறை சொல்ல எனக்கு இடமில்லை. அவர்களிடம் படம் இருந்தது. எங்களிடம் இருக்கவில்லை.

அடுத்த உறைக்கு முன்

இப்போது அந்தப் பெட்டியின் மேல்தட்டு வெளிறி, ஒரு மூலை உரியத் தொடங்கிவிட்டது. கணக்கில் அதைத் தேய்மானம் என்போம். ஐந்தாறு வருடத்தில் அதன் பெறுமதி பூச்சியம். ஆனால் பெட்டி அங்கேயே நிற்கும், இன்னோர் உறை வரும். அப்போது மறுபடி கேட்பார்கள். ஆகவே நேயர்களிடம் நான் கேட்பது சில சிறிய காரியங்கள்.

கட்டிலுக்கடியில் இருக்கும் அல்பங்களை வெளியே எடுங்கள். மண்டபத்துப் படத்தைவிட வீதி, வாசல், வேலைத்தலம், பஸ் தரிப்பிடம் தெரிகிற படங்களைத் தனியாக வையுங்கள். படச்சுருளின் நெகற்றிவ் இருந்தால் எறியவேண்டாம், படத்தைவிட அது பெறுமதியானது. பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். பேனாவின் மை மறுபக்கத்துக்கு ஊறும்.

பிரதி எடுக்கும்போது இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். ஆறு அங்குல உயரப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளியில் வருடினால் 1800 புள்ளி. நான்கடி உயரப் பெட்டிக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 37 புள்ளிதான் மிஞ்சும், முகம் கலங்கிவிடும். 1200இல் வருடினால் 150 மிஞ்சும், போதும். தொலைபேசியில் செய்தியாக அனுப்பினால் அது தானாகவே சிறிதாகிவிடும், ஆகவே மூலக் கோப்பையே கொடுங்கள்.

படத்தில் இருப்பவர்களிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நான்காவது அக்காவிடம் நானும் இந்தமுறை தவணை நெருங்குமுன் போய்க் கேட்கப்போகிறேன். வேண்டாம் என்றால் அதுவும் சரி. அந்தப் பெட்டியில் ஒட்டிய தமிழ்க் கடதாசிகள் மட்டும் தெரிகிற பகுதியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்ப்பேன்.

நிலையத்துக்கு ஞாயிறு பின்னேரங்களில் அல்பங்களைக் கொண்டுவாருங்கள். வருடும் கருவி ஒன்று வைத்திருக்கிறோம். படத்தை உங்கள் கண்முன்னே வருடி, அப்போதே திருப்பித் தருவேன். கண்ணாடிக்கு மேல் எதையும் மறந்து விட்டுவராமல் இருக்க நான் பழகிவிட்டேன்.